மொட்டை மாடி விருந்துக்குப் புதினா ரம்: அக்காவோட டிப்ஸ்

கத்திரி வெயில்ல, திண்டிவனத்துப் புது வீட்டு மொட்டை மாடிக்கு இருபது பேரைக் கூப்பிட்டிருக்க. சென்னையிலேர்ந்து வர்றவங்க மொஜிட்டோ கேட்டாங்க, எப்படிக்கா பண்றதுன்னு கேட்ட. போன்ல சொன்னா பாதி காத்துல போயிடும், அதான் உக்காந்து எழுதறேன்.

முதல்ல இதை மனசுல வச்சுக்கோ. மொஜிட்டோ கிளாஸ்ல மணம் புதினாவோடது, புளிப்பு எலுமிச்சையோடது, குளிர்ச்சி ஐஸோடது. ரம் கடைசியாதான் வருது. அதனால ரம் ஒரு சொட்டு இல்லாமலே "இன்னொரு கிளாஸ் குடுங்க"ன்னு கேக்கற மாதிரி இருக்கணும் உன் புதினாத் தண்ணி. அப்படிப் பண்ணிட்டா குழந்தைங்க, உன் மாமியார், வண்டி ஓட்டிட்டுப் போறவங்க எல்லாருக்கும் ஒரே பானம். வேணுங்கற பெரியவங்க மட்டும் தனி மேஜைக்குப் போய் 30 மில்லி அளந்து ஊத்திக்கட்டும். யாருக்கும் தனியா ரஸ்னா கலக்கி ஓரமா உக்கார வைக்க வேண்டாம்.

புதினாவிலேர்ந்து ஆரம்பிக்கறேன், பாதிப் பேர் கோட்டை விடறது அங்கதான். உழவர் சந்தைக்குக் காலையில ஏழு மணிக்குள்ள போயிடு. பத்து மணிக்கு மேல கட்டு எல்லாம் வெயில்ல வதங்கி, கடைக்காரம்மா தண்ணி தெளிச்சுத் தெளிச்சு வச்சிருப்பாங்க. பாக்கப் பச்சையா இருக்கும், கட்டைப் பிரிச்சா நடுவுல கறுத்துப் போயிருக்கும். கட்டை வாங்கறதுக்கு முன்னாடி நடுவுல விரலை விட்டுப் பாரு. சூடா, பிசுபிசுன்னு இருந்தா வேண்டாம். இலை சின்னதா, தண்டு கொஞ்சம் செவந்த மாதிரி இருக்கற நாட்டுப் புதினாவுக்கு மணம் ஜாஸ்தி. பெரிய பெரிய இலையாப் பளபளன்னு இருக்கறது அலங்காரத்துக்கு அழகு, மணத்துல கொஞ்சம் கம்மி.

வீட்டுக்கு வந்ததும் கட்டை அவுத்து, அழுகினதைப் பொறுக்கிப் போட்டுட்டு, உப்புத் தண்ணியில அஞ்சு நிமிஷம் போட்டு அலசு. மண்ணும் சின்னப் பூச்சியும் அடியில தங்கிடும். அப்புறம் தண்டோட நுனியை ஒரு இன்ச் கிள்ளிட்டு, ஒரு சொம்புத் தண்ணியில நிக்க வச்சு, மேல ஈரத்துணி போட்டு மூடு. சாயங்காலம் வரைக்கும் இப்பப் பறிச்ச மாதிரியே நிக்கும். பிரிட்ஜ்ல பிளாஸ்டிக் கவர்ல திணிச்சு வைக்காத, வேர்த்துக் கறுத்துடும்.

இப்ப இலையைக் கசக்கறது. புதினாவோட எண்ணெய் இலைக்கு மேலேயே சின்னச் சின்னப் பையா ஒட்டியிருக்கு. லேசா அழுத்தினாலே அது உடைஞ்சு மணம் வந்துடும். அதுக்கு மேல நசுக்கினா இலைக்குள்ள இருக்கற பச்சையம் வெளியே வந்து, கசந்து, புல்லு வாசனை அடிக்கும். மிக்ஸியில அரைச்சு வடிகட்டுன்னு யாராவது சொன்னா கேக்காத. துவையலுக்கு அது சரி, இதுக்கு ஆகாது. கிளாஸ் அடியில எட்டு, பத்து இலையைப் போடு, மேல சர்க்கரைப் பாகு ஊத்து, பருப்பு கடையற மர மத்தால நாலஞ்சு தரம் அமுக்கித் திருப்பு. இலை முழுசா இருக்கணும், ஓரம் மட்டும் கறுத்திருக்கணும். மூக்கைக் கிட்ட கொண்டு போனா மணம் வரணும். அவ்வளவுதான், மத்தை எடுத்துடு. மேல செருகற கொத்தைச் செருகறதுக்கு முன்னாடி ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு ஒரே ஒரு தட்டு தட்டு. குடிக்கக் குனியறவங்க மூக்குக்கு முதல்ல எட்டறது அந்தக் கொத்துதான், அது மணந்தாதான் மிச்சமும் மணக்கும்.

இருபது பேருக்குக் கிளாஸ் கிளாஸா மத்து போட்டுக்கிட்டிருந்தா நீ விருந்துல உக்காரவே மாட்ட. அதுக்கு ஒரு வழி இருக்கு. முந்தின நாள் ராத்திரி அரைக் கிலோ சர்க்கரையை அரை லிட்டர் தண்ணியில போட்டு, கரையற வரைக்கும் மட்டும் சூடு பண்ணு. கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். இறக்கி வச்சு, விரலை வச்சா தாங்கற சூட்டுக்கு வந்ததும் ரெண்டு கட்டுப் புதினா இலையைக் கையால லேசாக் கசக்கி அதுல போட்டு மூடி வை. இருபது நிமிஷம் கழிச்சு வடிகட்டிடு, அதுக்கு மேல ஊறினா கசப்பு இறங்கும். கொதிக்கறப்பப் போட்டா நிறம் பழுப்பாகி, கஷாய வாசனை வந்துடும், அதனால சூடு தணியட்டும். இப்படி எண்ணூறு மில்லி கிட்ட பாகு கிடைக்கும். கிளாஸுக்கு 20 மில்லின்னா நாப்பது கிளாஸுக்கு வரும், அதாவது ஆளுக்கு ரெண்டு. கிளாஸ்ல இலையை நசுக்கற வேலையே இல்லை, உள்ளங்கையில தட்டின நாலு இலையைப் போட்டாப் போதும்.

எலுமிச்சைக்கு வெயில் காலத்துல விலை ஏறிடும், அதுக்காகப் பாட்டில்ல வர்ற எலுமிச்சை ரசம் வாங்காத. வாசனையே வராது. தோல் மெல்லிசா, கையில எடுத்தாக் கனமா இருக்கற பழமாப் பொறுக்கு. நடுத்தரப் பழம் ஒண்ணு 20, 25 மில்லி சாறு குடுக்கும், நாப்பது கிளாஸுக்கு நாப்பது பழம் வாங்கிக்கோ. அறுக்கறதுக்கு முன்னாடி மேஜை மேல வச்சு உள்ளங்கையால அழுத்தி உருட்டினா சாறு ஜாஸ்தி வரும். பிழியறப்ப ஒரு பிழி பிழிஞ்சதும் விட்டுடு. கடைசிச் சொட்டு வரைக்கும் முறுக்கினா தோலோட கசப்பும் விதையோட கசப்பும் சேந்து வரும். விருந்து ராத்திரின்னா சாறை மத்தியானம் பிழிஞ்சு பிரிட்ஜ்ல வை, முந்தின நாளே பிழிஞ்சு வைக்காத. பிழிஞ்சதை எவர்சில்வர்ல இல்லைன்னா கண்ணாடியில வை. பித்தளையும் அலுமினியமும் புளிப்போட சேரக் கூடாது, அம்மா புளிக்குழம்புக்குச் சொல்றது இதுக்கும் பொருந்தும்.

உப்பை மறந்துடாத. கிளாஸுக்கு ரெண்டு விரல்ல எடுக்கற சிட்டிகை போதும். புளிப்பும் இனிப்பும் ஒண்ணோட ஒண்ணு சேர்றது அதாலதான். வேர்த்துக் கொட்டற நாள்ல உடம்புக்கும் வேணும். நம்ம மரக்காணத்து உப்பளத்துக் கல் உப்பை ஒரு பிடி வெந்நீர்ல கரைச்சு, அடியில தங்கற மண்ணை விட்டுட்டு, மேல இருக்கறதைத் தெளிவா வடிச்சு ஒரு சின்ன பாட்டில்ல வச்சுக்கோ. கிளாஸுக்கு ரெண்டு சொட்டு விட்டாப் போதும். தூள் உப்பு சோடாவுல விழுந்தா நுரை பொங்கி வழியும், கரைசலா விட்டா அந்தத் தொல்லை இல்லை.

ஐஸ் விஷயத்துல நான் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். நம்ம மாவட்டத்துக்குக் கடற்கரை இருக்கு, மீனுக்குன்னு ஐஸ் பார் போடற கம்பெனி இருக்கு. அங்க பார் விலை கம்மின்னு வாங்கிட்டு வந்து உடைச்சுக் கிளாஸ்ல போடறவங்க இருக்காங்க. அந்தத் தண்ணி குடிக்கற தண்ணி கிடையாது. 2018 ஜூன்லேர்ந்து சாப்பிட ஆகாத ஐஸுக்கு நீல நிறம் சேக்கணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதியே போட்டிருக்கு. ஆனா வெள்ளையா இருக்குங்கறதாலயே அது நல்ல ஐஸ்னு ஆயிடாது, எல்லாரும் நிறம் சேக்கறதில்லை. கேன் தண்ணியில வீட்டு பிரீசர்ல நாலு நாள் முன்னாடிலேர்ந்தே ட்ரே ட்ரேயா உறைய வச்சுக் கவர்ல சேத்துக்கிட்டே வா. பக்கத்து வீட்டு பிரீசரையும் கேளு. பத்துக் கிலோ வரைக்கும் தேவைப்படும். இந்த ஐஸ் வேலையை உன் வீட்டுக்காரர் கிட்ட ஒப்படைச்சுடு. கூப்பிட்டவங்க ரெண்டு பேர், வேலை மட்டும் ஒருத்தருக்குன்னு இருக்க வேண்டாம். பாட்டில், தண்ணி கேன் குளிர வைக்கறதுக்கு மட்டும் மீன் ஐஸ் வாங்கிக்கலாம். அது தனி டப்பாவுல, மேல எழுதி ஒட்டி இருக்கட்டும்.

பொடி ஐஸ் சீக்கிரம் கரைஞ்சு பானத்தைத் தண்ணியாக்கிடும். கட்டியாப் போட்டு, கிளாஸ் நிறையப் போடு. கொஞ்சமாப் போட்டாதான் சீக்கிரம் கரையும், நிறையப் போட்டா ஒண்ணையொண்ணு குளிர வச்சுக்கிட்டு நிக்கும்.

சோடாவை நல்லாக் குளிர வச்ச பிறகுதான் திறக்கணும். சூடான சோடாவுல வாயு தங்காது, திறந்ததும் புஸ்ஸுன்னு போயிடும். கிளாஸுக்கு 120 மில்லி கணக்கு, நாப்பது கிளாஸுக்கு 750 மில்லி பாட்டில் ஏழு வாங்கினாப் போதும். நம்ம ஊர் கோலி சோடாவே வாங்கலாம், காரம் நல்லா இருக்கும், சின்னப் பசங்களுக்கு உடைக்கறதும் ஒரு கொண்டாட்டம். பன்னீர் சோடா மட்டும் வேண்டாம், ரோஜா வாசனை புதினாவை அமுக்கிடும்.

கலக்கற வரிசை இது. கிளாஸ்ல பாகு 20, எலுமிச்சைச் சாறு 20, உப்புத் தண்ணி ரெண்டு சொட்டு, தட்டின இலை நாலு. நிறைய ஐஸ். அப்புறம் சோடாவைக் கிளாஸை லேசாச் சாய்ச்சு ஓரமா ஊத்து. நீளக் கரண்டியை அடி வரைக்கும் விட்டு ஒரே ஒரு தரம் தூக்கி விடு. கலக்கிக்கிட்டே இருந்தா நுரை செத்துடும். மேல கொத்து. குடிச்சுப் பாரு. புளிப்பு முதல்ல வந்து, இனிப்பு பின்னாடி வந்தா சரி. இனிப்பு முந்தினா எலுமிச்சை அஞ்சு சொட்டு.

இதுவே போதும். ஆனா நம்ம ஊர் வெயில் காலத்துல நுங்கு இருக்கறப்ப அதை விடறதுக்கு எனக்கு மனசு வராது. விக்கிரவாண்டி பக்கம் நரசிங்கனூர், பூரிகுடிசைன்னு பனங்காட்டு ஊருங்க இருக்கு, நீயும் பாத்திருக்க. இளசா, விரலால குத்தினாத் தண்ணி தெறிக்கற நுங்காப் பாத்து வாங்கு. மேல இருக்கற பழுப்புத் தோலை முழுக்க உரிச்சுடு, துவர்ப்பு அதுலதான். உரிச்ச சுளையைக் கையாலயே பிசைஞ்சு, கிளாஸுக்கு ஒரு சுளை அடியில போட்டு மேல புதினாத் தண்ணி ஊத்திப் பாரு. சென்னைக்காரங்க இதைத்தான் திருப்பித் திருப்பிக் கேப்பாங்க. இதுக்குப் பாகை அஞ்சு மில்லி குறைச்சுக்கோ. காலையில இறக்கின பதநீர் கிடைச்சா அதையும் விடாத. பதநீரையும் புதினாவையும் எலுமிச்சை இல்லாம, சுக்கு ஒரு சிட்டிகை போட்டுக் குடிக்கணும். எலுமிச்சை விட்டா பானைக்குள்ள தடவற சுண்ணாம்போட சேந்து ருசி கெடும். ஆனா விருந்து வரைக்கும் வைக்காம மத்தியானத்துக்குள்ள தீத்துடு, வெயில்ல வச்சாப் புளிச்சுக் கள்ளாயிடும். தமிழ்நாட்டுல 1987-லேர்ந்து கள்ளுக்குத் தடை இருக்கறது உனக்கே தெரியும்.

உன் மாமியாருக்குச் சோடா ஒத்துக்காதுன்னா, பனைவெல்லப் பாகுல புதினாவும் எலுமிச்சையும் போட்டு வெறும் பானைத் தண்ணி ஊத்திக் குடு. திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்குக் குடுக்கற பானகம் மாதிரிதான் இருக்கும், கூடப் புதினா மணம், சந்தோஷமாக் குடிப்பாங்க.

இனி ரம்.

ரம் கரும்புலேர்ந்து வர்றது. கரும்பாலையில சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சற மொலாசஸைப் புளிக்க வச்சுக் காய்ச்சினா ரம். மொஜிட்டோ பேர் வாங்கின கியூபாவும் கரும்பு தேசம்தான். ஹவானாவுல 1942-ல ஆரம்பிச்ச லா போதெகீத்தா தெல் மேதியோங்கற சின்னக் கடை இந்தப் பானத்தாலயே உலகம் பூரா பேர் வாங்கிடுச்சு. முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு வண்டி போறதைப் பாத்து வளந்த நமக்கு இந்த ருசி அந்நியமா இருக்காது. அவங்க போடறது வெள்ளை ரம். வாசனை மெல்லிசா இருக்கும், புதினாவை மறைக்காது. இங்க எல்லாக் கடையிலயும் வெள்ளை ரம் இருக்காது. கறுப்பு ரம்தான் கிடைச்சுதுன்னா, ஓல்டு மங்க் மாதிரி, அதுல வெண்ணிலா, கருகின சர்க்கரை வாசனை தூக்கலா இருக்கும். அதுக்கு வெள்ளைச் சர்க்கரைப் பாகு சேராது. பனைவெல்லப் பாகும், தட்டின இஞ்சித் துண்டு ஒண்ணும் போடு, புதினாவைக் கொஞ்சம் கூட்டு. மொஜிட்டோன்னு சொல்ல முடியாது, ஆனா நம்ம ஊர் நாக்குக்கு இதுதான் பொருந்துதுன்னு எனக்குத் தோணுது.

அளவுக்கு வர்றேன். சமையல் புத்தகத்துல 60 மில்லின்னு போட்டிருப்பாங்க. நீ 30 வை. இங்க விக்கற ரம்முல நூத்துக்கு 42.8 பங்கு ஆல்கஹால். 30 மில்லியில சுத்தமான ஆல்கஹால் பத்து கிராம் இருக்கு. அதை உடம்பு கழிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். புதினாவும் எலுமிச்சையும் குளிர்ச்சியும் சேந்து ரம்மோட காரத்தை மறைச்சுடும், ஜூஸ் மாதிரி மடக் மடக்குன்னு இறங்கிடும். இந்தப் பானத்துல இருக்கற ஆபத்தே அதுதான். கண்ணளவுல ஊத்தறவங்க கையில 30-ங்கறது 50 ஆயிடும். பாத்திரக்கடையில அளவுக் கிண்ணம் கிடைக்கும், இல்லைன்னா இருமல் மருந்து மூடியைக் கழுவி வச்சுக்கோ, அதுல 10 மில்லி கோடு இருக்கும், மூணு தரம். ரம் மேஜைக்கு ஒருத்தர் பொறுப்பு, அவர் மட்டும்தான் ஊத்தணும், அவர் குடிக்கக் கூடாது. உங்க மாமா அன்னைக்கு வண்டி ஓட்டறாரு, அவரையே உக்கார வச்சுக்கலாம்.

ரம் ஊத்தின கிளாஸும் ஊத்தாத கிளாஸும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். குழந்தைங்க மாடியெல்லாம் ஓடற இடத்துல இதை விளையாட்டா விடக் கூடாது. ரம் கண்ணாடி கிளாஸ்ல மட்டும், மத்ததெல்லாம் எவர்சில்வர் டம்ளர்ல. கண்ணாடி கிளாஸை யாரும் தரையில, திண்ணையில, கைப்பிடிச் சுவர்ல வச்சுட்டுப் போகக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிடு. பாதி குடிச்சு வச்சதை அப்பப்ப எடுத்துக் கொட்டிடு. மாடிக் கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழ இருந்தா ரம் மேஜையை மாடியிலேயே போடாத, கீழ வராந்தாவுல போடு.

வெயில் நாள்ல ஆல்கஹால் உடம்புத் தண்ணியை வெளியே தள்ளும். ரம் கிளாஸ் ஒண்ணு குடிச்சா, அடுத்தது வெறும் புதினாத் தண்ணி ஒண்ணுன்னு வழக்கம் பண்ணிடு. வெறும் வயித்துல குடிக்க விடாத. முதல்ல சுண்டல், அவிச்ச வேர்க்கடலை வச்சுடு. திண்டிவனத்துல இருந்துக்கிட்டு வேர்க்கடலைக்கு வேற ஊர் தேடணுமா? டி.எம்.வி.ன்னு பேர் போட்ட கடலை ரகமெல்லாம் உங்க ஊர் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து வந்ததுதான். உப்பைக் கம்மியாப் போட்டு அவி. சிப்ஸ், ஊறுகாய், கருவாடுன்னு உப்பா வச்சா தாகம் எடுத்து ரம் மேஜைக்குத்தான் ஓடுவாங்க. சக்கரை வியாதிக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கறவங்க, தூக்க மாத்திரை போடறவங்க, வயித்துக்கு மெட்ரோனிடசோல் சாப்பிடறவங்க, மாசமா இருக்கறவங்களுக்கு ரம் வேண்டாம். "ஒண்ணே ஒண்ணு"ன்னு கையைப் பிடிச்சுத் திணிக்கறவங்களை நீயே முன்னாடி நின்னு தடுத்துடு. அவங்க டம்ளர்லயும் அதே புதினா, அதே நுங்குதான் இருக்கப் போகுது.

அடுத்ததா நான் சொல்றதுல ஒரு எழுத்துகூட மீறாத.

பாட்டில் சீல் உடையாததா, அரசுக் கடையில பில்லு போட்டு வாங்கினதா இருக்கணும். தெரிஞ்சவர் குடுத்தாரு, கேன்ல வந்தது, தோப்புல கிடைச்சது, விலை கம்மின்னு எதுவும் உன் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. 2023 மே மாசம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்துல நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். மீனவக் குப்பம். வேலை முடிஞ்ச அலுப்புக்குப் பாக்கெட் சாராயம் குடிச்சவங்க. நம்ம மாவட்டத்துல மட்டும் 14 பேர் போயிட்டாங்க. அதே நாள்கள்ல மதுராந்தகம் பக்கமும் செத்தாங்க. அதுல இருந்தது தொழிற்சாலைக்குப் போற மெத்தனால். முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில வார்டு நிறைஞ்சு கிடந்துச்சு. அடுத்த வருஷம், 2024 ஜூன்ல, கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல 60 பேருக்கு மேல. அதே வருஷம் அக்டோபர்ல உளுந்தூர்பேட்டையில மது ஒழிப்புக்குன்னு பொம்பளைங்க மாநாடே நடந்தது. இந்தப் பக்கத்துப் பொண்ணுங்களுக்குச் சாராயம்ங்கற பேச்சு எவ்வளவு வலிக்கும்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் வீட்டுக்குப் பாத்திரம் கழுவ வர்றவங்க வீட்லயே அந்த வலி இருக்கலாம். அவங்களை அன்னைக்குச் சாயங்காலம் ரம் மேஜைப் பக்கம் வேலைக்கு நிறுத்தாத, கிளாஸை நம்மளே கழுவிக்கலாம்.

மெத்தனாலைக் கண்ணால, மூக்கால, நாக்கால கண்டுபிடிக்க முடியாது. சாதாரண மது மாதிரியேதான் இருக்கும். தீ வச்சுப் பாத்தா நீலமா எரியும், அதனால நல்லதுன்னு சொல்ற பேச்சை நம்பாத. உடம்புக்குள்ள போய் ஃபார்மிக் அமிலமா மாறி, கண் நரம்பைத்தான் முதல்ல பிடிக்கும். உடனே தெரியாது, அரை நாளோ ஒரு நாளோ கழிச்சுதான் வயித்து வலி, வாந்தி, மூச்சு வாங்கறது, கண் மங்கறது எல்லாம் வரும். தூங்கி எழுந்தா சரியாயிடும்னு படுக்க வைக்கறதுதான் உயிரைக் குடிக்குது. எங்க யார் குடிச்சிருந்தாலும் சரி, மறுநாள் கண் மங்கலா இருக்குன்னு சொன்னா 108-க்குப் போன் போட்டு, என்ன குடிச்சாங்கன்னு மறைக்காம டாக்டர் கிட்ட சொல்லணும். மாத்து மருந்தும் டயாலிசிஸும் இருக்கு, நேரத்துக்குப் போனாக் காப்பாத்த முடியும். போலீஸுக்குப் பயந்து மறைக்கறவங்கதான் தாமதமாப் போய்ச் சேர்றாங்க.

புதுச்சேரி உனக்கு முக்கால் மணி நேரம், அங்க விலை கம்மி, வெள்ளை ரம் வகை வகையா இருக்கும். வர்றவங்க யாராவது "வர்ற வழியில ரெண்டு பாட்டில் எடுத்துட்டு வந்துடறேன்"னு சொல்லத்தான் செய்வாங்க. வேண்டாம்னு சொல்லிடு. அந்தப் பாட்டிலை நம்ம எல்லைக்குள்ள கொண்டு வர்றது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குத்தம், சோதனைச் சாவடியில மாட்டினா வண்டியும் போயிடும். உன் விருந்துக்கு வந்தவங்க ஸ்டேஷன்ல உக்காந்திருக்கறது நல்லாவா இருக்கும்? 21 வயசு ஆகாத யாருக்கும் கிடையாது, காலேஜ் படிக்கற உன் கொழுந்தன் கேட்டாலும் கிடையாது. அடுத்த மாசம் உன் நாத்தனார் பொண்ணு மஞ்சள் நீராட்டு மண்டபத்துல வருதே, அங்க இந்த ரம் மேஜை யோசனையே கூடாது. 2023 ஏப்ரல்ல கல்யாண மண்டபத்துல மது பரிமாற லைசென்ஸ்னு அறிவிப்பு வந்து, ஊரே எதிர்த்ததும் அதை எடுத்துட்டாங்க. அங்க புதினாத் தண்ணியும் நுங்கும் மட்டும் அண்டாவுல போடு, அசத்திடலாம்.

குடிச்சவங்க கையில வண்டிச் சாவி இருக்கக் கூடாது. ரத்தத்துல 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினாலே கேஸ், முதல் தடவையே பத்தாயிரம் ரூபா அபராதம் இல்லைன்னா ஆறு மாசம் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். ஜி.எஸ்.டி. ரோட்டுல ராத்திரி லாரியும் பஸ்ஸும் போற வேகம் உனக்குத் தெரியும். அபராதத்தை விட அதுதான் எனக்குப் பயம். வர்றப்பவே சாவியை வாங்கி உன் அலமாரியில வச்சுடு, பாய் தலைகாணி எடுத்து வை, ராத்திரி தங்கிட்டுக் காலையில இட்லி சாப்பிட்டுக் கிளம்பட்டும். ரம் மேஜையை ஒன்பதரைக்கு மூடிடு. அதுக்கப்புறம் சாப்பாடு, பேச்சு, பாட்டு.

மாடித் தரை பகல் பூரா சூட்டைக் குடிச்சு வச்சிருக்கும். அஞ்சு மணிக்கு ஒரு தரம், ஆறு மணிக்கு ஒரு தரம் தண்ணி தெளிச்சு விடு, ஏழு மணிக்கு ஆரம்பி. ஐஸ் டப்பாவைத் தரையில வைக்காம ஸ்டூல் மேல வை, மேல நனைச்ச சாக்கு போடு.

மிஞ்சின புதினாத் தண்டைத் தூக்கிப் போடாத. கீழ் இலையெல்லாம் கிள்ளிட்டுத் தண்ணியில வச்சா ஒரு வாரத்துல வேர் விடும். பழைய வாளியில மண்ணு, கொஞ்சம் மக்கின சாணி போட்டு, காலை வெயில் மட்டும் படற இடத்துல நட்டு வை. மத்தியான வெயில்ல வச்சா கருகிடும். அடுத்த வருஷக் கத்திரிக்குச் சந்தைக்கே போக வேண்டாம். இலை மிஞ்சினா மறுநாள் காலையிலேயே பச்சை மிளகாய், புளி, தேங்காய் வச்சுத் துவையல் அரைச்சுடு. தங்கினவங்களுக்கு இட்லிக்கு ஆச்சு.